நண்பர்களோடு வார இறுதியில் மதுரை: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

சென்னையில் வேலை செய்யும் ஐந்தாறு நண்பர்கள் வெள்ளிக்கிழமை இரவு புறப்பட்டு, இரண்டு நாளும் மதுரையில் சுற்றிப் பார்த்து, வயிறாரச் சாப்பிட்டு, திங்கள்கிழமை காலை அலுவலகத்துக்குத் திரும்பிவிட முடியும். இப்படிப்பட்ட பயணத்தை ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, எதை எப்போது பதிவு செய்வது, எந்த இடம் எந்த நேரத்தில் திறந்திருக்கும், யாரிடம் எந்த அட்டை இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் பத்துப் பேரிடம் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எங்கும் கிடைக்கும். இங்கே நான் சொல்ல விரும்புவது நேரக் கணக்கைப் பற்றியே, ஏனெனில் மதுரையில் இரண்டு நாள் போதுமா போதாதா என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

1. தேதியைக் குறிக்கும் முன் நாட்காட்டியைப் பாருங்கள்

குழுவில் எல்லோருக்கும் விடுமுறை கிடைக்கும் வார இறுதியைத் தேடுவதற்கு முன், மதுரைக்கு எந்த வார இறுதி ஒத்துவரும் என்று பாருங்கள். சித்திரைத் திருவிழாவின்போது, அதாவது மீனாட்சி திருக்கல்யாணமும் அழகர் ஆற்றில் இறங்குவதும் நடக்கும் நாட்களில், திருவிழாவைக் காண்பதற்கென்றே போகிறீர்கள் என்றால் ஒழிய அந்தப் பக்கம் திட்டமிடாதீர்கள். அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை கட்டுப்படியாகாது, நடுநகரத்தில் வண்டிகளும் நகராது. பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நடக்கும் நாட்களுக்கும் இது பொருந்தும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள் வழியில் மீனாட்சியம்மன் கோயிலுக்கு வருவதால் தரிசன வரிசை வழக்கத்தைவிட நீளமாக இருக்கும்.

பலர் கவனிக்காத இன்னொன்று முகூர்த்த நாள். வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தால், கல்யாண வீட்டார் சனிக்கிழமை மாலைக்கே விடுதிகளை மொத்தமாகப் பிடித்துவிடுவார்கள். மல்லிகைப்பூ விலையும் அன்று பல மடங்கு ஏறும். புரட்டாசியில் போனால் கூட்டமும் வெயிலும் ஓரளவு குறைவாக இருக்கலாம். ஆனால் உங்கள் நண்பர்களில் எத்தனை பேர் அந்த மாதம் அசைவத்தைத் தொடமாட்டார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் மதுரைச் சாப்பாட்டில் பாதி அசைவம்தான். ஏப்ரல், மே மாத வெயிலில் பகல் 11 மணிக்கு மேல் வெளியே நடமாட முடியாது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

2. இரண்டு ரயில் சீட்டுகளையும் ஒரே வேலையாக எண்ணுங்கள்

ரயில் முன்பதிவு, பயண நாளைச் சேர்க்காமல் 60 நாட்களுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு ரயிலுக்கான முன்பதிவு திங்கட்கிழமையிலும், ஞாயிற்றுக்கிழமை இரவு ரயிலுக்கான முன்பதிவு அதே வாரம் புதன்கிழமையிலும் திறக்கும் என்பது இதன் கணக்கு. போகும் சீட்டு கிடைத்த மகிழ்ச்சியில் திரும்பும் சீட்டைத் தள்ளிப்போடுவதுதான் பெரும்பாலான குழுக்கள் மாட்டிக்கொள்ளும் இடம். தென்மாவட்டங்களுக்கு வார இறுதியில் வந்தவர்கள் அனைவரும் சென்னை திரும்பும் இரவு அது என்பதால், ஞாயிறு இரவுச் சீட்டுக்கு வெள்ளி இரவுச் சீட்டைவிடப் போட்டி அதிகம். புதன்கிழமை எடுக்கும் அந்தத் திரும்பும் சீட்டு உறுதியான பிறகே அறைக்குப் பணம் கட்டுங்கள்.

பாண்டியன் எக்ஸ்பிரஸ் இரு திசையிலும் இரவு ஒன்பதரை மணியை ஒட்டிப் புறப்பட்டு அதிகாலையில் சேர்வதால் இந்தப் பயணத்துக்கு மிகப் பொருத்தமானது. அது கிடைக்காவிட்டால், திருநெல்வேலி, கன்னியாகுமரி, செங்கோட்டைப் பக்கமிருந்து மதுரை வழியாகச் சென்னைக்கு வரும் இரவு ரயில்களைப் பாருங்கள். அவற்றில் ஏதேனும் நள்ளிரவைத் தாண்டி மதுரைக்கு வருமானால் மதுரையில் ஏறும் தேதி திங்கட்கிழமை ஆகிவிடும் என்பதால், சீட்டில் இருக்கும் தேதியை இருவர் சரிபார்ப்பது நல்லது. சென்னையில் புறப்படும் நிலையமும் சில காலங்களில் எழும்பூரிலிருந்து தாம்பரத்துக்கு மாற்றப்படுவதுண்டு. பயணத்துக்கு முந்திய நாள் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு முன்பதிவில் 6 பேருக்குத்தான் சீட்டு எடுக்க முடியும். ஏழாவது ஆள் இருந்தால், ஆறு பேருக்கு ஒன்று, ஒருவருக்கு ஒன்று என்று பிரிக்காமல் நான்கும் மூன்றுமாகப் பிரித்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதிவு செய்யுங்கள். தனியாகப் பதிவான அந்த ஒருவருக்கு மட்டும் இடம் கிடைக்காமல் போனால் குழுவின் மகிழ்ச்சியே கெட்டுவிடும். பதிவு செய்பவரின் ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். முன்பதிவு திறக்கும் நாளில் ஆதார் சரிபார்க்கப்பட்ட கணக்குகளுக்கே இணையத்தில் பதிவு செய்ய அனுமதி உண்டு. அந்த வேலையை அன்று காலை 7.55 மணிக்குத் தொடங்காமல் ஒரு வாரம் முன்னதாகவே முடித்துவிடுங்கள்.

இணையத்தில் எடுத்த சீட்டில் எல்லாப் பெயர்களும் காத்திருப்புப் பட்டியலிலேயே நின்றுவிட்டால், பயணிகளின் இறுதிப் பட்டியல் தயாரானதும் சீட்டு தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அதை வைத்துக்கொண்டு ரயிலில் ஏற முடியாது. ஆகவே காத்திருப்புச் சீட்டோடு மதுரைக்குப் போகிறவர்கள் தட்கலை நம்புகிறார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஞாயிறு இரவு ரயிலுக்கான தட்கல் சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஏ.சி. வகுப்புக்கும், 11 மணிக்குப் படுக்கை வகுப்புக்கும் திறக்கும். அந்த நேரத்தில் நீங்கள் கோயிலுக்குள் இருப்பீர்கள். கோயிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. தட்கல் பதிவுக்கோ ஆதார் வழியாக வரும் ஒருமுறைக் கடவுச்சொல் வேண்டும். அதனால் தட்கல் எடுக்க வேண்டிய நிலை வந்தால், யார் வெளியே இருப்பது என்பதைச் சென்னையிலேயே முடிவு செய்துவிடுங்கள். தட்கலில் ஒரு பதிவுக்கு 4 பேர்தான் அனுமதி, உறுதியான தட்கல் சீட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது என்பவற்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பேருந்து கடைசி வழி. மதுரையின் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திலிருந்து இரவு முழுவதும் சென்னைக்கு வண்டிகள் உண்டு. அரசு விரைவுப் பேருந்தின் கட்டணம் பெரிதாக மாறாது, தனியார் படுக்கைப் பேருந்தின் கட்டணம் ஞாயிறன்று மிகவும் உயரும். பேருந்துகள் பெரும்பாலும் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும் என்பதால், அங்கிருந்து நகருக்குள் வர ஆகும் நேரத்தையும் சேர்த்தே திங்கட்கிழமைக் காலையைத் திட்டமிடுங்கள்.

3. அறை எடுக்கும்போது வாடகைக்கு முன் நேரத்தைக் கேளுங்கள்

ரயில் நிலையத்துக்கு எதிரே டவுன் ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி ஆகியவற்றைச் சுற்றியுள்ள விடுதிகளே முதன்முறை வருவோருக்கு ஏற்றவை. நிலையத்திலிருந்து பையோடு நடந்தே போகலாம், கோயிலுக்கும் நடந்தே போகலாம். நகருக்கு வெளியே நீச்சல் குளத்தோடு கூடிய அழகான விடுதி குறைந்த விலைக்குக் கிடைத்தாலும், ஒவ்வொரு முறையும் போய்வர ஆகும் ஆட்டோ செலவும் நேரமும் அந்த லாபத்தை விழுங்கிவிடும்.

நீங்கள் சனிக்கிழமை அதிகாலையில் வந்து இறங்குவீர்கள். பல பெரிய விடுதிகளில் அறை பகல் 12 மணிக்குத்தான் தொடங்கும், முன்னதாக வேண்டுமென்றால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். நிலையத்தை ஒட்டிய பல லாட்ஜுகளில் 24 மணி நேரக் கணக்கு நடைமுறையில் உண்டு. காலை 6 மணிக்கு அறை எடுத்தால் மறுநாள் காலை 6 மணி வரை அது உங்களுடையது. இந்தப் பயணத்துக்கு இரண்டாவது முறைதான் சரிவரும். தொலைபேசியில் பேசும்போது ‘24 மணி நேரக் கணக்கா, 12 மணி செக்-அவுட்டா’ என்று நேரடியாகக் கேட்டு, பதிலைக் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். பதிவுச் செயலிகளில் 12 மணி என்று காட்டிவிட்டு நேரில் வேறு கணக்குச் சொல்வதும், செயலி வழியாகப் பதிந்தவர்களுக்கு 24 மணி நேரச் சலுகை இல்லை என்பதும் நடக்கிறது.

மூன்று அறை எடுக்கும் குழுவுக்கு நான் பரிந்துரைப்பது இது: சனிக்கிழமைக்கு மூன்று அறைகளும், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஓர் அறையும் எடுங்கள். பைகளை வைக்கவும், மாலையில் ரயிலுக்கு முன் குளித்து உடை மாற்றவும் ஒன்றே போதும். அதையும் மிச்சப்படுத்த நினைத்தால் ரயில் நிலையத்தின் பொருள் பாதுகாப்பு அறையில் பைகளை வைக்கலாம். ஆனால் பூட்டாத பைகளை அங்கே ஏற்கமாட்டார்கள், பயணச்சீட்டையும் காட்ட வேண்டும்.

4. ஆவணங்கள்

ரயிலில் ஒரு முன்பதிவுக்கு ஒருவருடைய அசல் அடையாள அட்டை போதும். விடுதியில் தங்கும் ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டை கேட்பார்கள். ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு ஆகியவற்றில் ஒன்று இருந்தால் சிக்கல் இல்லை. பான் அட்டையில் முகவரி இல்லாததால் பெரும்பாலான விடுதிகள் அதை ஏற்பதில்லை. ஒவ்வொருவரும் ஒரு நகலும் கொண்டுவந்தால், அதிகாலையில் நகல் கடை தேடி அலைய வேண்டாம். கைப்பேசியில் உள்ள டிஜிலாக்கர் ஆவணம் ரயிலில் செல்லும், ஆனால் சில லாட்ஜுகளில் அட்டையையே கேட்கிறார்கள். ஆண்களும் பெண்களும் சேர்ந்த குழு என்றால், அறைகளை எப்படிப் பிரிக்கப் போகிறீர்கள் என்று பதிவு செய்யும்போதே சொல்லி, மறுப்பு ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதிகாலையில் பையோடு வரவேற்பு மேசையில் நின்று வாதாடுவது பெண்களுக்கு மிகுந்த சங்கடத்தைத் தரும்.

மலேசியா, சிங்கப்பூர், இலங்கை என்று வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நண்பர் யாரேனும் வந்தால், அவர் கடவுச்சீட்டையும் விசாவையும் அசலாக வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டவர் தங்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு இணைய வழியில் தெரிவிக்கும் கடமை விடுதிக்கு உண்டு. சிறு லாட்ஜுகள் பல அந்த வேலைக்கு அஞ்சி வெளிநாட்டவருக்கு அறை தர மறுப்பதால், இதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது அவசியம்.

5. பணம்

சென்னையிலிருந்து படுக்கை வகுப்பில் ஒருவழிக்குச் சுமார் 300 முதல் 350 ரூபாய், மூன்றடுக்கு ஏ.சி.யில் சுமார் 800 முதல் 900 ரூபாய் ஆகும். நிலையத்தை ஒட்டிய பகுதியில் இருவர் தங்கும் சாதாரண ஏ.சி. அறைக்கு ஒரு நாளைக்கு 1,800 முதல் 2,800 ரூபாய் வரை ஒதுக்குங்கள். 7,500 ரூபாய் வரையிலான வாடகைக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. தனி. சொல்லும் வாடகையில் வரி அடங்கியதா என்று கேளுங்கள். படுக்கை வகுப்பில் போய், அளவாகச் சாப்பிட்டு, ஒரு நாள் வண்டி அமர்த்திக்கொண்டால் ஆறு பேர் குழுவில் தலைக்கு 4,500 ரூபாய்க்குள் முடிக்கலாம். ஏ.சி. வகுப்பில் போனால் 5,500 ரூபாய் ஒதுக்குங்கள்.

புறப்படும் முன்பே ஒவ்வொருவரிடமும் 2,000 ரூபாய் வாங்கி ஒருவரிடம் பொதுப்பணமாகக் கொடுத்துவிடுங்கள். சாப்பாடு, ஆட்டோ, நுழைவுக் கட்டணம் எல்லாம் அதிலிருந்தே போகட்டும். பூ, புடவை, அல்வா போன்ற சொந்தக் கொள்முதல் அதில் சேரக்கூடாது. இந்த ஏற்பாடு இல்லாமல் ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொருவர் கொடுத்து, பிறகு கணக்குப் பார்க்க முனைந்தால், எப்போதும் முதலில் பையைத் திறக்கிற அந்த நல்ல மனிதருக்கே நட்டம் வருகிறது. பொதுப்பணத்தில் ஆயிரம் ரூபாயாவது பத்து, இருபது, ஐம்பது தாள்களாக இருக்கட்டும். கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுக் கோயிலுக்குள் போன பிறகு யு.பி.ஐ. உதவாது. தரிசனச் சீட்டு, பிரசாதம், மண்டப நுழைவு எல்லாவற்றுக்கும் ரொக்கம்தான்.

6. சனிக்கிழமைக் காலையைக் கோயிலுக்கே கொடுங்கள்

மீனாட்சியம்மன் கோயில் அதிகாலை 5 மணிக்குத் திறந்து பகல் 12.30 மணிக்கு நடை சாத்தப்படும். மீண்டும் மாலை 4 மணிக்குத் திறந்து இரவு 9.30 முதல் 10 மணி வரை இருக்கும். இடைப்பட்ட மூன்றரை மணி நேரம் உள்ளே போக முடியாது. முதன்முறை வருவோர் அறையில் இளைப்பாறி, ஆற அமரச் சிற்றுண்டி முடித்து, 11 மணிக்கு வரிசையில் வந்து நிற்கிறார்கள். அம்மனைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது நடை சாத்தும் நேரமாகிவிடுவதால், சிற்பங்கள் எதையும் பார்க்காமலே வெளியே அனுப்பப்படுகிறார்கள். ரயிலிலிருந்து இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள் குளித்துவிட்டு, 7 மணிக்குள் வாசலில் இருங்கள்.

கைப்பேசி, கேமரா, பெரிய பைகள் உள்ளே அனுமதியில்லை. வாசல்களுக்கு அருகே இவற்றை ஒப்படைக்கும் இடங்கள் உண்டு. ஆனால் அறை பக்கத்தில் இருக்கும்போது கைப்பேசியை அறையிலேயே பூட்டிவைத்துவிட்டு வருவதுதான் என் விருப்பம். ஒப்படைத்த வாசலுக்கே திரும்பி வர வேண்டும் என்ற கட்டாயம் அப்போது இருக்காது. நான்கு வாசல்களும் புதியவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருப்பதால், காலணியை விட்ட வாசல் கிழக்கா, தெற்கா என்று அனைவரும் நினைவில் வைத்திருங்கள். கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை, ஆட்டோக்காரர் சற்றுத் தள்ளித்தான் இறக்கிவிடுவார். வெயில் ஏறிய பிறகு அந்தக் கல்தளத்தில் வெறுங்காலோடு நடப்பது கடினம் என்பதும் காலையிலேயே போகச் சொல்வதற்கு ஒரு காரணம்.

ஆண்கள் வேட்டி அல்லது முழுக்கால் சட்டை, பெண்கள் புடவை, தாவணி அல்லது துப்பட்டாவோடு சுடிதார் அணிந்து வருவது பாதுகாப்பு. அரைக்கால் சட்டையோடு வந்த நண்பர் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டால், வேட்டி வாங்கி வர அரை மணி நேரம் போய்விடும்.

உள்ளே பிரிந்துவிட்டால் கைப்பேசியில் அழைத்துக்கொள்ள வழியில்லை. எனவே ‘ஒன்பதரை மணிக்குப் பொற்றாமரைக் குளத்துத் தென்கரைப் படிகளில்’ என்று நேரமும் இடமும் குறித்துக்கொண்டு நுழையுங்கள். குழுவில் இருவராவது கைக்கடிகாரம் கட்டியிருக்க வேண்டும். இந்து அல்லாத நண்பர்கள் கருவறைப் பகுதிக்குள் போக இயலாது. ஆனால் பொற்றாமரைக் குளமும் ஆயிரங்கால் மண்டபமும் அவர்கள் பார்க்கக்கூடியவை. அவர்களைத் தனியே ஓரிடத்தில் காக்கவைக்காமல், மற்றவர்கள் தரிசன வரிசையில் நிற்கும் நேரத்தில் ஒருவர் அவர்களோடு மண்டபங்களைச் சுற்றி வருவது நட்புக்கு அழகு.

வார இறுதியில் பொதுத் தரிசன வரிசை நீளமாக இருக்கும். கட்டணச் சீட்டுக்கான வரிசை தனியே உண்டு. அம்மன் சந்நிதிக்கு ஒன்று, அம்மன், சொக்கநாதர் (சிவன்) இரண்டு சந்நிதிகளுக்கும் சேர்த்து ஒன்று என்று சீட்டுகள் இருப்பதால், எதை வாங்குகிறீர்கள் என்று கேட்டு வாங்குங்கள். ‘சீக்கிரம் கூட்டிப் போகிறேன்’ என்று வாசலில் அணுகுபவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்.

கிழக்கே அஷ்ட சக்தி மண்டபம் வழியாக நுழைவது நல்ல தொடக்கம். தரிசனத்துக்குப் பின் அவசரப்படாமல் கம்பத்தடி மண்டபத்தில் நில்லுங்கள். மீனாட்சி திருக்கல்யாணச் சிற்பம் அங்கேதான் இருக்கிறது. வெள்ளியம்பலத்தில் நடராசர் வழக்கமான இடக்காலுக்குப் பதிலாக வலக்காலைத் தூக்கி ஆடுகிறார். பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்லிக் காட்டாவிட்டால் பலர் கவனிக்காமலே கடந்துவிடுவார்கள். ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் உள்ளன. அது அருங்காட்சியகமாக இயங்குவதால் தனியே சிறு கட்டணம் உண்டு. கல்லில் உயிரைக் கொண்டுவந்த வேலையை நிதானமாகப் பார்க்க அதைவிடச் சிறந்த இடம் கோயிலுக்குள் இல்லை என்பது என் எண்ணம். மூன்று மணி நேரத்தை இந்தக் காலைக்கு ஒதுக்கினால் பத்து, பத்தரைக்கு நிறைவாக வெளியே வரலாம்.

சனிக்கிழமை இரவு களைப்பு இல்லாதவர்கள் 8.30 மணிக்கு மீண்டும் வாருங்கள். 9 மணிக்கு மேல் சொக்கநாதரைப் பல்லக்கில் அம்மன் சந்நிதிக்கு எழுந்தருளச் செய்யும் பள்ளியறைப் பூசை, ஓதுவார் குரலும் மேளமும் தீபமுமாக, காலைக் கூட்டத்தில் கிடைக்காத நெருக்கத்தைத் தரும்.

7. நடை சாத்தியிருக்கும் பகல் நேரம்

கோயிலிலிருந்து தென்கிழக்கே சிறிது தொலைவில் திருமலை நாயக்கர் மகால் இருக்கிறது. இன்று எஞ்சியிருப்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதிதான் என்றாலும், அந்தத் தூண்களின் பருமனும் சுதை வேலைப்பாடும் ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும். மாலை 5 மணிக்கு மூடிவிடுவதால் பகலில் போவதே சரி. ஒலி-ஒளிக் காட்சியை நம்பி மாலைத் திட்டத்தை அமைக்காதீர்கள். பராமரிப்புக்காக அது நிறுத்தப்படும் காலங்கள் உண்டு, நுழைவுச் சீட்டு வாங்கும்போது அன்று நடக்கிறதா என்று கேட்டுவிடலாம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் தூங்குங்கள். இரவு ரயிலில் சரியாக உறங்காதவர்கள் இந்த ஓய்வைத் தவிர்த்தால் மாலையில் ஒவ்வொருவராகச் சோர்ந்துவிடுவார்கள். மாலை 5 மணிக்கு மேல் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு ஆட்டோவில் போகலாம். ஓர் ஆட்டோவில் மூவர் என்பதால் ஆறு பேருக்கு இரண்டு ஆட்டோ. ஏறும் முன் தொகையைப் பேசிக்கொள்ளுங்கள் அல்லது செயலியில் கட்டணம் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

8. சாப்பாடு

பெயர் பெற்ற கடைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு ஓடுவதைவிட, எந்த நேரத்தில் எது கிடைக்கும் என்று தெரிந்துகொள்வதே பயன்படும். கறி தோசைக்காகப் பகலில் சிம்மக்கல் போய் நின்று பயனில்லை. அது மாலைக்கு மேல் கல் சூடேறிய பிறகு கிடைக்கும் பண்டம். அடியில் தோசை, நடுவில் முட்டை, மேலே கொத்துக் கறி என்று அடுக்காக வருவதால் ஒருவர் ஒன்றை முழுதாகச் சாப்பிட்டால் வேறு எதற்கும் வயிற்றில் இடம் இருக்காது. இருவருக்கு ஒன்று என்று சொல்லிவிட்டு, பக்கத்திலேயே பரோட்டாவும் சால்னாவும் பாருங்கள். பருத்திப்பால் காலையிலும் அந்தி நேரத்திலும் தள்ளுவண்டிகளில் கிடைக்கும். பருத்தி விதைப் பாலில் கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து, சுக்கும் ஏலமும் மணக்க ஊற்றித் தருவார்கள். இரவு ரயிலில் வந்த தொண்டைக்கு அது மிகவும் இதமானது. முள்ளு முருங்கை வடை மாலை நேரத்துப் பலகாரம்.

மதியம் அசைவ மெஸ்ஸுக்குப் போவதானால் 12.30 மணிக்கே போய்விடுங்கள், ஞாயிறன்று ஒரு மணிக்கு மேல் நாற்காலிக்குப் பின்னால் காத்து நிற்க வேண்டியிருக்கும். இங்கே செலவில் ஒரு பொறி இருக்கிறது. சாப்பாட்டுக்கு விலை ஒன்று, கோலா உருண்டை, சுக்கா, அயிரை மீன் குழம்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி விலை. பரிமாறுபவர் தட்டில் எல்லாவற்றையும் அடுக்கிக் கொண்டுவந்து காட்டும்போது, ஆளுக்கொன்று கைநீட்டி எடுத்தால் எதிர்பார்த்ததைப் போல மூன்று மடங்கு தொகை வரும். விலையைக் கேட்டு, நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடும்படி எடுங்கள். சைவ நண்பர்களை மெஸ்ஸில் வெறும் ரசத்தோடு உட்காரவைக்காமல் அந்த ஒரு வேளைக்குப் பிரிந்து சாப்பிடுவது நல்லது. மதுரை இட்லிக்கும் அதோடு வரும் சட்னி வகைகளுக்கும் சைவர், அசைவர் என்ற பிரிவு இல்லை, காலையில் அனைவரும் ஒன்றாகச் சாப்பிடலாம்.

இரவில் பள்ளியறைப் பூசைக்குப் போக விரும்பும் நண்பர்கள் சிலர் அன்று அதற்கு முன் அசைவம் சாப்பிடத் தயங்குவார்கள். அதைக் கேட்டு வைத்துக்கொண்டு, சனிக்கிழமை கறி தோசையைப் பூசைக்குப் பின் பத்து மணிக்குத் தள்ளிவையுங்கள். இந்த ஊரில் அந்த நேரத்துக்கும் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். ஜிகர்தண்டாவை விளக்குத்தூண் பக்கம் பிற்பகலில் குடியுங்கள். பாலும் பாதாம் பிசினும் நன்னாரிச் சர்பத்தும் ஐஸ்கிரீமும் சேர்ந்த அதை, வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே குடித்தால் சுவையும் தெரியாது, செரிக்கவும் செய்யாது.

9. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வண்டி

ஞாயிறு அன்று நகருக்கு வெளியே இரண்டு இடங்கள் போதும். ஆறு பேருக்கு ஒரு பெரிய வண்டியை அமர்த்துங்கள். எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர், அதற்கு மேல் போனால் என்ன கட்டணம், ஓட்டுநர் படி தனியா என்ற நான்கையும் சனிக்கிழமை இரவே பேசி முடிக்க வேண்டும். ‘பார்த்துக் கொடுங்கள்’ என்ற பேச்சை ஏற்காதீர்கள்.

6 மணிக்கு முன் புறப்பட்டு, நகருக்கு மேற்கே கீழக்குயில்குடியில் உள்ள சமணர் மலைக்குப் போங்கள். அடிவாரத்தில் தாமரைக் குளமும், விழுதிறங்கிய ஆலமரமும், அய்யனார் கோயிலும் உண்டு. மேலே பாறையில் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. எட்டரை மணிக்கு மேல் பாறை சுடத் தொடங்கும் என்பதால் இதைக் கடைசிக்கு வைக்காதீர்கள். மேலே கடை ஏதும் இல்லை, ஆளுக்கு ஒரு புட்டி தண்ணீர் கட்டாயம் கொண்டுபோங்கள்.

இறங்கிச் சிற்றுண்டி முடித்து, நகருக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில் உள்ள கீழடி அருங்காட்சியகத்துக்கு 10 மணிக்குப் போனால் திறக்கும் நேரம் சரியாக இருக்கும். செட்டிநாட்டு வீடுகளின் அமைப்பில் கட்டப்பட்டு 2023இல் திறக்கப்பட்ட இந்தக் கட்டடங்களில், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளையும், தந்தப் பகடையையும், சுடுமண் கிணற்று உறைகளையும் நேரில் பார்க்கலாம். நுழைவுக் கட்டணம் மிகக் குறைவு. இதற்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஓடி முடிப்பவர்கள் விளக்கப் பலகைகளைப் படிக்காமலே திரும்புகிறார்கள்.

‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், ராமேசுவரமும் பார்த்துவிடலாமே’ என்று குழுவில் ஒருவராவது சொல்வார். போக மட்டும் 170 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். அதைச் சேர்த்தால் இரண்டு ஊரையும் பார்த்த நிறைவு கிடைக்காது, ஞாயிறு இரவு ரயிலையும் பணயம் வைக்க வேண்டியிருக்கும். கொடைக்கானலுக்கும் இதே பதில்தான்.

10. ஞாயிறு பிற்பகலும் புறப்பாடும்

பிற்பகல் 3 மணிக்குத் தமுக்கம் அருகே காந்தி அருங்காட்சியகத்துக்குப் போகலாம், அனுமதி இலவசம். சுடப்பட்ட அன்று காந்தி அணிந்திருந்த குருதி தோய்ந்த துணி இங்கே பாதுகாக்கப்படுகிறது. 1921 செப்டம்பர் 22 அன்று அவர் அரையாடைக்கு மாறியது மதுரை மேலமாசி வீதியில்தான் என்பதால், இந்த ஊரில் அந்தத் துணியின் முன் நிற்பதற்குத் தனிப் பொருள் உண்டு.

சுங்குடிப் புடவை வாங்க விரும்புவோர் மாலை 5 மணிக்குள் கடைவீதிக்கு வந்துவிடுங்கள். கோயிலுக்குக் கிழக்கே உள்ள புதுமண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டுவிட்டதால், பழைய குறிப்புகளை நம்பிப் புதுமண்டபத்தில் தேட வேண்டாம். மல்லிகையைக் கட்டிய சரமாக வாங்கினால் சென்னை சேர்வதற்குள் மலர்ந்து வாடிவிடும். மொட்டாக வாங்கி, ஈரத் துணியில் சுற்றி, காற்றுப் போக வைத்துக் கொண்டுவாருங்கள். சூடான கோதுமை அல்வா ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே கிடைக்கும் என்பதால் அதைக் கடைசியில் வாங்கலாம்.

7 மணிக்கு அறைக்குத் திரும்பிக் குளித்து, எட்டு மணிக்குள் அறையைக் காலி செய்யுங்கள். விடுதிக் கணக்கை முடிக்கும்போது முன்பணம் கழிக்கப்பட்டதா, ஜி.எஸ்.டி. இருமுறை சேர்க்கப்படவில்லையா என்று பார்த்து ரசீது வாங்குங்கள். இட்லி, சப்பாத்தி போன்றவற்றைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு 9 மணிக்கு நடைமேடையில் இருந்தால் பெட்டி நிற்கும் இடத்தைப் பதற்றமின்றித் தேடலாம். பொதுப்பணம் வைத்திருப்பவர் ரயில் நகர்ந்ததும், எல்லோரும் படுக்கும் முன், கணக்கைக் குழுவில் எழுதி அனுப்பி மீதித் தொகையை அப்போதே பிரித்துக் கொடுத்துவிட வேண்டும், ஏனெனில் திங்கட்கிழமை வேலைக்குள் போன பிறகு அந்தக் கணக்கை யாரும் திறந்து பார்ப்பதில்லை.